ஏஐயின் மேல் முழுதாகச் சாய்ந்துவிட்ட பணியாளர்: மேலாளருக்கு உள்ள வழிகளில் எது தக்கது?

மூன்று நாள் பிடிக்கும் என்று கணக்கிட்டிருந்த அறிக்கை மறுநாள் காலையிலேயே வந்து சேர்கிறது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. தலைப்புகள் ஒழுங்காக இருக்கின்றன. படிக்கவும் தடங்கல் இல்லை. நான்காம் பக்கத்தில் உள்ள வளர்ச்சி விகிதம் எந்த ஆண்டை அடிப்படையாகக் கொண்டது என்று கேட்டவுடன், அதை எழுதியவர் சற்று நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "பார்த்துச் சொல்கிறேன்" என்கிறார். அவர் தம்முடைய குறிப்புகளைப் பார்க்கப் போவதில்லை, அறிக்கையை எழுதித் தந்த அதே ஏஐ (செயற்கை நுண்ணறிவு) உரையாடல் கருவியிடம் போய்த்தான் கேட்கப் போகிறார் என்பது இருவருக்கும் தெரியும்.

குழு ஒன்றை நடத்திவரும் எனக்கு இந்த நிலைமை பலமுறை நேர்ந்திருக்கிறது. முதலிரண்டு முறை நான் எடுத்த முடிவுகள் தவறானவை. அவற்றால் பணியும் சீர்ப்படவில்லை, பணியாளருக்கும் நன்மை விளையவில்லை. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்ததிலிருந்து மேலாளர்கள் கைக்கொண்டுவரும் வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்த நிலைமைக்கு எது பொருந்தும் என்று தீர்மானிக்க உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதை மிகைச் சார்பு என்கிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார் என்பதை வைத்து அதை அளக்க முடியாது. நாள் முழுவதும் கருவியைத் திறந்து வைத்திருந்து, அது தரும் ஒவ்வொரு வரியையும் தம் அறிவோடு உரசிப் பார்த்துப் பாதியைத் தள்ளிவிடுகிறவர் இருக்கிறார். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தி, அந்த ஒருமுறை கிடைத்ததை ஈயடிச்சான் காப்பியாக அனுப்பிவிடுகிறவரும் இருக்கிறார். கவலைக்குரியவர் இந்த இரண்டாமவர்தான். அமெரிக்காவில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனு தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 2023 ஜூன் மாதம் நியூயார்க் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. அந்தத் தீர்ப்புகள் சாட்ஜிபிடி புனைந்தவை. அவை உண்மையானவையா என்று அக்கருவியிடமே வழக்கறிஞர்களில் ஒருவர் கேட்டிருந்தார். கருவியும் ஆம் என்று சொல்லியிருந்தது. ஆனாலும் நீதிபதி, நம்பகமான ஏஐ கருவியின் உதவியைப் பெறுவது தன்னளவில் முறையற்றதல்ல என்று தெளிவாகக் குறிப்பிட்டுவிட்டு, தாக்கல் செய்யப்படுவது சரியானதா என்று உறுதிசெய்யும் காவல் பொறுப்பு வழக்கறிஞருடையது என்பதையே வலியுறுத்தினார். பணியிடத்துக்கும் இந்த அளவுகோலே பொருந்தும் என்பது என் கருத்து. தம் பெயரில் வெளியேறும் பணிக்கு அவரால் பதில் சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி.

வழிகளுக்குள் போகுமுன், அந்தப் பணியாளர் ஏன் இந்த நிலைக்கு வந்தார் என்பதைத் தனியே அமர்ந்து, குற்றஞ்சாட்டும் தொனி இல்லாமல் கேட்டறிய வேண்டும். நான் கண்டவரை காரணங்கள் பெரும்பாலும் நான்குதான். அலுவலக மொழியில் பிழையில்லாமல் எழுதும் நம்பிக்கை இல்லாமை, தாங்க முடியாத பணிச்சுமை, அந்தப் பணியை யாரும் கற்றுக்கொடுக்காமல் விட்டது, பணியின் மேல் ஈடுபாடு குறைந்துபோனது. இவற்றில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் மேலாளரே பொறுப்பு. வாரத்துக்கு மூன்று அறிக்கைகள் கேட்டுவிட்டு அவற்றைச் சிந்தித்து எழுதவில்லை என்று வருந்துவதில் நியாயம் இல்லை. காரணம் தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுப்பது, நோயறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

முதலில் தோன்றும் வழி தடை. அதற்கு உரிய இடம் உண்டு என்பதை மறுக்க முடியாது. பொறியாளர்கள் உள் நிரல்களை உரையாடல் கருவியில் பதிவேற்றியது தெரியவந்ததும், சாம்சங் 2023 மே மாதத்தில் தன் சாதனங்களிலும் உள் வலையமைப்புகளிலும் இத்தகைய கருவிகளின் பயன்பாட்டை நிறுத்தி வைத்தது. வாடிக்கையாளரின் தனிப்பட்ட விவரங்கள், ஊதியப் பட்டியல், வெளிவராத ஒப்பந்தங்கள் போன்றவை நிறுவனம் ஒப்புதல் அளிக்காத கருவிக்குள் போகவே கூடாது என்று தடுப்பது, மேலாளர் விவாதிக்க வேண்டிய விஷயம்கூட அல்ல. ஆனால் அது இரகசியத்தைக் காக்கும் வழி. சார்பைக் குணப்படுத்தும் வழி அல்ல. சார்பைக் காரணம் காட்டித் தடை விதித்தால், பணியாளர் கைப்பேசியைத் திறந்து அதே வேலையை அதே முறையில் செய்துவிட்டு, செய்ததை மறைக்கவும் தொடங்குகிறார். என் முதல் தவறு இதுதான். தடைக்கு முன்பு "இந்தப் பகுதியைக் கருவி எழுதியது" என்றாவது சொல்லிக்கொண்டிருந்தவர், தடைக்குப் பிறகு அதையும் சொல்லாமல் விட்டார். மேற்பார்வைக்கு எஞ்சியிருந்த ஒரே பிடிமானத்தை நானே அறுத்துவிட்டேன். தவிர, தடையால் இழப்பும் உண்டு. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்களை ஆராய்ந்து 2023-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், ஏஐ உதவியால் ஒரு மணி நேரத்தில் தீர்க்கப்பட்ட கோரிக்கைகள் சராசரியாக 14 சதவீதமும், அனுபவமும் திறமையும் குறைந்தவர்களிடம் 34 சதவீதமும் உயர்ந்தன. நாம் தடுக்க நினைக்கும் பணியாளரே பெரும்பாலும் அந்த உதவி மிகவும் தேவைப்படுகிறவராக இருக்கிறார்.

இரண்டாவது வழி, எழுதியது மனிதரா கருவியா என்று கண்டறியும் மென்பொருளை நாடுவது. இதை எந்த நிலைமைக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இத்தகைய கருவி ஒன்றை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் சொந்தச் சோதனையில் ஏஐ எழுதிய உரைகளில் 26 சதவீதத்தை மட்டுமே அது சரியாக இனங்கண்டது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தின் மேல் தவறாகப் பழி சுமத்தியது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அது திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறியும் கருவிகளிடம் கொடுத்தபோது, அவை சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை ஏஐ எழுதியவை என்று தவறாகக் கூறின. அடக்கமான சொற்களில், எளிய வாக்கியங்களில் எழுதுவதே அவர்கள் செய்த குற்றம். மொழியில் தயக்கம் உள்ள, நேர்மையாக உழைக்கும் ஒருவரின் மேல் மென்பொருள் காட்டும் ஒரு சதவீதக் கணக்கை வைத்துச் சந்தேகம் சுமத்துவது அநீதி. அந்த உறவு மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது.

மூன்றாவது வழி, எப்படிச் செய்தார் என்று கேட்காமல் விளைவை மட்டும் பார்ப்பது. வயது வந்தவர்களை வயது வந்தவர்களாக நடத்துகிறோம் என்ற நிறைவு இதில் இருக்கிறது. பிழை உடனே வெளிப்படுகிற பணிகளில், எடுத்துக்காட்டாக ஓடவில்லை என்றால் தெரிந்துவிடுகிற ஒரு சிறு நிரலில், இது போதுமானதும்கூட. பிழை தாமதமாக வெளிப்படுகிற பணிகளில்தான் இது ஏமாற்றுகிறது. பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற மேலாண்மை ஆலோசனை நிறுவனத்தின் 758 ஆலோசகர்களைக் கொண்டு ஹார்வர்ட் வணிகப் பள்ளி ஆய்வாளர்களும் பிறரும் நடத்திய சோதனை 2023-இல் வெளியானது. கருவியின் திறனுக்கு உட்பட்ட பணிகளில் அதைப் பயன்படுத்தியவர்கள் 25 சதவீதம் விரைவாகவும், தரத்தில் 40 சதவீதம் மேலாகவும் செய்தனர். ஆனால் கருவியின் எல்லைக்கு வெளியே இருக்குமாறு திட்டமிட்டுத் தேர்ந்த ஒரு பணியில், கருவியில்லாதவர்களில் சுமார் 84 சதவீதத்தினர் சரியான முடிவுக்கு வர, கருவியைப் பயன்படுத்தியவர்களில் 60 முதல் 70 சதவீதத்தினரே வந்தனர். வெளிப்பார்வைக்கு அந்தத் தவறான விடைகள் செம்மையாகவே இருந்தன என்பதுதான் கவனிக்க வேண்டியது. மோசமாக எழுதப்பட்ட தவறு தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். அழகாக எழுதப்பட்ட தவறு அடுத்தவர் மேசைக்குப் போய், அவருடைய நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஒருவர் அரை மணியில் அனுப்பிய அறிக்கையைச் சரிபார்க்கச் சக ஊழியர் இரண்டு மணி நேரம் செலவிட்டால், குழுவுக்கு மிச்சமானது ஒன்றும் இல்லை. அந்தச் சக ஊழியரின் மனக்கசப்புதான் மிச்சம்.

நேரம் மிச்சமாகிறது என்ற வாதத்தையே அப்படியே ஏற்கக் கூடாது. மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025-இல் வெளியிட்ட சோதனையில், அனுபவம் மிக்க 16 நிரலாளர்கள் தங்களுக்கு நன்கு பழக்கமான திட்டங்களில் 246 பணிகளைச் செய்தனர். ஏஐ அனுமதிக்கப்பட்ட பணிகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. ஆனால் தாங்கள் 20 சதவீதம் விரைவாகச் செய்ததாகவே அவர்கள் நம்பினர். சிறிய சோதனைதான், எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும், "இது இல்லாவிட்டால் கெடுவுக்குள் முடிக்கவே முடியாது" என்று ஒருவர் மனப்பூர்வமாகச் சொல்லும்போதும், அதை ஒருமுறை அளந்து பார்ப்பதே நல்லது என்பதற்கு அது போதிய காரணம்.

நான்காவதாக, பயிற்சி. கருவியிடம் எப்படிக் கேட்பது என்று கற்பிக்கும் வகுப்புகளுக்கு அனுப்பினால் சிக்கல் தீரும் என்று பலர் எண்ணுகிறார்கள். மேற்சொன்ன ஆலோசகர் சோதனையிலேயே ஒரு பிரிவினருக்கு அத்தகைய அறிமுகப் பயிற்சி தரப்பட்டது. எல்லைக்கு வெளியே இருந்த பணியில், பயிற்சி பெறாதவர்களைவிடவும் அவர்கள் குறைவாகவே சரியான விடையை அடைந்தனர். எனவே கேட்கும் முறையைக் கற்பிக்கும் பயிற்சி இந்தப் பணியாளருக்குத் தேவையில்லை என்பேன். அவருக்குத் தேவை துறை அறிவு. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவும் கார்னெகி மெலன் பல்கலைக்கழகமும் 319 அறிவுப் பணியாளர்களிடம் நடத்தி 2025-இல் வெளியிட்ட ஆய்வில், கருவியின் மேல் நம்பிக்கை கூடியவர்களிடம் விமர்சனச் சிந்தனை குறைந்தும், தம் திறன்மேல் நம்பிக்கை உள்ளவர்களிடம் அது மிகுந்தும் காணப்பட்டது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். கணக்கியல் தெரிந்தவரால்தான் கருவி எழுதிய கணக்குக் குறிப்பில் உள்ள ஓட்டையைக் காண முடியும்.

இனி, நான் மற்றவற்றுக்கு மேலாக வைக்கும் வழிக்கு வருகிறேன். கருவியைப் பயன்படுத்தத் தடை இல்லை, ஆனால் செய்த பணியை வாய்மொழியாக விளக்க வேண்டும் என்பதே அது. அறிக்கை வந்ததும் பதினைந்து நிமிடம் எதிரில் அமர வைத்து, திரையை மூடச் சொல்லி, நான்கைந்து கேள்விகள் கேட்கிறேன். இந்த முடிவுக்கு எதிராக என்ன சொல்லலாம்? இந்த எண் எந்த மூலத்திலிருந்து வந்தது, அந்த மூலத்தை நீங்களே திறந்து பார்த்தீர்களா? கருவி சொன்னதில் எதை ஏற்கவில்லை, ஏன்? இதில் எந்தப் பத்தி உங்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை? இந்தப் பரிந்துரையை ஏற்று வாடிக்கையாளர் பணம் செலவிட்டு அது தவறிப்போனால், அவரிடம் என்ன சொல்வோம்? மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலே என்னைப் பொறுத்தவரை மிகவும் துலக்கமானது. கருவி சொன்னதில் ஒன்றைக்கூட மறுக்காமல் ஒருவர் ஒரு முழு அறிக்கையை முடித்திருந்தால், அவர் அதைப் படித்திருக்கிறார், சிந்தித்திருக்கவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இந்த வழியின் சிறப்பு, யார் எழுதியது என்ற விசாரணைக்கே அவசியம் இல்லாமல் செய்துவிடுவதில் இருக்கிறது. விளக்க முடிந்தால் அது அவருடைய பணி. முடியாவிட்டால், கருவியே தொடாத அறிக்கையாக இருந்தாலும் அது இன்னும் முடியாத பணி. யாரையும் தனியே குறிவைக்காமல், எனக்கும் சேர்த்துக் குழு முழுவதற்கும் ஒரே விதியாக்க முடிகிறது. அடுத்த முறை கேள்வி வரும் என்பது தெரிந்தவுடன், எழுதும்போதே பணியாளர் அக்கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்ளத் தொடங்குகிறார். மாற்றம் நிகழ்வது அந்தப் பதினைந்து நிமிடத்தில் அல்ல, அதற்கு முந்தைய நாள் மாலையில். குறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மேலாளரின் நேரம் இதில் கணிசமாகப் போகிறது. எட்டுப் பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரின் ஒவ்வொரு பணிக்கும் இப்படி அமர முடியாது. வாரத்தில் ஒருவருக்கு ஒரு பணி என்று, எது என முன்கூட்டிச் சொல்லாமல் எடுத்துக்கொள்வதே நடைமுறையில் நிற்கிறது. தொனி சிறிது கடுமையானாலும் இது குறுக்கு விசாரணையாகிவிடும். கூச்ச சுபாவம் உள்ளவர், தெரிந்ததையும் வாயால் சொல்லத் திணறுவார். அத்தகையவரிடம் கேள்விகளை ஒரு மணி நேரம் முன்பே எழுத்தில் கொடுத்துவிடலாம். மேலாளருக்கே துறை தெரியாவிட்டால் இந்த வழி பயன்படாது என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல கேள்வி கேட்கத் தெரியாதவருக்கு எந்தப் பதிலும் நல்ல பதிலாகவே படும்.

இதோடு சேர்த்து, பணிகளை வகை பிரித்து எழுதி வைப்பதும் தேவை. கூட்டக் குறிப்பைச் சுருக்குவது, மின்னஞ்சலின் மொழியைத் திருத்துவது, நீண்ட ஆவணத்தின் முதல் வரைவை அடுக்குவது ஆகியவற்றைத் தடையின்றி விடலாம். வெளியே போகும் எண்கள், சட்டப் பொறுப்பு உண்டாக்கும் வாசகங்கள், சக ஊழியரைப் பற்றிய மதிப்பீடுகள் ஆகியவற்றில் மனிதச் சரிபார்ப்பு கட்டாயம் என்று வைக்கலாம். மதிப்பீடுகளைப் பொறுத்தவரை எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒரு மனிதரின் ஓராண்டு உழைப்பைப் பற்றி எழுதும் பத்தியைக் கருவியிடம் ஒப்படைக்கிற மேலாளருக்கு, பணியாளரின் சார்பைப் பற்றிப் பேசும் தகுதி குறைந்துபோகிறது.

திறன் தேய்வது மெய்யான ஆபத்து என்பதால், கருவியில்லாமல் செய்யும் பயிற்சியையும் ஒரு தனி வழியாகக் கருத வேண்டும். போலந்தில் பெருங்குடல் அகநோக்கிப் பரிசோதனை (கொலோனோஸ்கோபி) செய்யும் மருத்துவர்களைப் பற்றி 2025-இல் வெளியான ஆய்வில், ஏஐ உதவி வழக்கத்துக்கு வந்த பிறகு, அந்த உதவி இல்லாமல் செய்த பரிசோதனைகளில் கட்டிகளைக் கண்டறியும் விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 சதவீதமாகக் குறைந்திருந்தது. பல்லாண்டு அனுபவம் உள்ளவர்களுக்கே இந்த நிலை. விமானத் துறை இதை முன்பே எதிர்கொண்டது. தானியங்கி அமைப்புகளைத் தொடர்ந்து நம்பியிருந்தால் கையால் இயக்கும் திறன் மங்கும் என்பதால், தக்க நேரங்களில் விமானிகள் தாமே இயக்குவதை ஊக்குவிக்குமாறு அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2013 ஜனவரியில் விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அலுவலகத்தில் இதன் எளிய வடிவம், கருவியைத் திறக்குமுன் தம் முடிவையும் அதற்கான மூன்று காரணங்களையும் பணியாளர் தாமே ஐந்து வரிகளில் எழுதிவைப்பது. பிறகு கருவியை எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அந்த ஐந்து வரிகளை அறிக்கையோடு இணைத்து அனுப்பச் சொன்னபோது, பணியில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத ஒருவரிடம் நான் கண்ட மாற்றம் வியப்பூட்டியது. ஆரம்பத்தில் அவ்வரிகள் வெறுமையாகவே இருந்தன. ஏழாவது வாரத்தில் கருவியின் முடிவும் அவர் முடிவும் முரண்பட்டன. சரியாக இருந்தது அவருடையது. அன்றைக்குப் பிறகு அவருக்கு நான் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

ஒழுங்கு நடவடிக்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரகசியத் தகவலை அறிந்தே வெளியிட்டது, இல்லாத ஆதாரத்தை உண்மை என்று சாதித்தது, பலமுறை எழுத்தில் எச்சரித்த பின்னும் சரிபார்க்காமல் அனுப்பியது ஆகியவற்றுக்குக் குறிப்பாணை தருவது முறையே. அப்போதும் குறிப்பாணையில் "ஏஐயைப் பயன்படுத்தினார்" என்று எழுதாமல், எந்தத் தேதியில் எந்த ஆவணத்தில் எந்தப் பிழை போனது, அதைச் சரிபார்க்கும் கடமை அவருக்கு எப்படித் தெரிவிக்கப்பட்டிருந்தது என்று எழுத வேண்டும். விதியே எழுதப்படாத இடத்தில் தண்டனை எழுதப்படக் கூடாது.

ஆக, தேர்வு ஆளையும் பணியையும் பொறுத்தது. புதிதாகச் சேர்ந்தவருக்கு, முதலில் ஐந்து வரி எழுதும் பழக்கமும் வாராந்திர விளக்கமும் ஒருங்கே தேவை; கருவியைப் பறிப்பது அவருக்குக் கேடு, கேள்வி கேட்காமல் விடுவது அதைவிடக் கேடு. பணிச்சுமையால் சாய்ந்தவருக்கு இவை இரண்டுக்கும் முன்பாகச் சுமையைக் குறைத்துத் தர வேண்டும். ஏற்கெனவே நேரமில்லாதவரிடம் விளக்கமும் கேட்பது சுமையைக் கூட்டுவதாகும். மொழித் தயக்கத்தால் சாய்ந்தவரிடம், மொழித் திருத்தத்துக்குக் கருவியைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுமாறு வெளிப்படையாகவே அனுமதித்துவிட்டு, கருத்தை மட்டும் தம் சொற்களில், எந்த மொழியில் வசதியோ அந்த மொழியில் சொல்லச் சொல்லலாம்; இப்படி அனுமதித்த அன்றே ஒருவர் மறைத்து வந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்ததை நான் பார்த்திருக்கிறேன். பல ஆண்டு அனுபவமிருந்தும் ஈடுபாடு இழந்தவர்தான் கடினமானவர். அவரிடம் விளக்கம் கேட்டால் அனுபவத்தைக் கொண்டு சமாளித்துவிடுவார். அவருடைய சிக்கல் கருவி அல்ல என்பதால், கருவி இல்லாத காலத்தில் அவர் விரும்பிச் செய்த பணி எது என்று கேட்டு, அதில் ஒரு பங்கை மீண்டும் அவரிடம் ஒப்படைப்பதிலிருந்து தொடங்குவேன்.

எந்த வழியை எடுத்தாலும் அதற்கு ஒரு முடிவு நாள் வைக்க வேண்டும். எட்டு வாரம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அதன் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு கணக்குகளை எடுத்துப் பார்க்கிறேன்: அவருடைய பணியில் மற்றவர்கள் திருத்திய பிழைகள் எத்தனை, கேட்ட கேள்விகளில் திரையைப் பார்க்காமல் பதில் சொன்னவை எத்தனை. முதல் எண் குறைந்து இரண்டாவது எண் ஏறியிருந்தால் வாராந்திர விளக்கத்தை மாதம் ஒருமுறை என்று தளர்த்துகிறேன். முதல் எண் மட்டும் குறைந்து இரண்டாவது எண் அசையாமல் இருந்தால், கருவி மேம்பட்டிருக்கிறது, பணியாளர் மேம்படவில்லை என்று கொண்டு, ஐந்து வரி எழுதும் பழக்கத்தை இன்னும் எட்டு வாரங்களுக்கு நீட்டிக்கிறேன்.